ஆறேகால் அடி அறை

நகராட்சி அலுவலகத்தில் கட்டட அனுமதிப் பிரிவின் மூன்றாவது ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை அலுவலகத்தில் கிளார்க் என்பார்கள். சொந்தக்காரர்கள் ஆபீசர் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை இருபத்திரண்டு வருடமாக அவர் யாருக்கும் அளந்து காட்டியதில்லை.

உறவில் எந்த வீட்டில் நாலு பேர் கூடினாலும் அவரைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிடும். "ஆபீசர், மாடிப்படிய வெளிப்பக்கமா போடலாமா?" "ஆபீசர், வீட்டு முன்னாடி தையல் கடை வெச்சா கேள்வி வருமா?" அவர் வாயில் இருப்பதை மென்றுகொண்டே விடை சொல்வார். குடியிருப்புப் பகுதி, கலப்புப் பகுதி, முன்பக்கம் பத்தடி, பக்கவாட்டில் எல்லையிலிருந்து ஐந்தடி என்று விதிகள் அவர் நாக்கில் வாடகை இல்லாமல் குடியிருந்தன.

ஆனால் ஜன்னலுக்கு வரும் அந்நியர்களிடம் மட்டும் அவர் வேறு ஆள். "வரைபடத்தைப் பாக்காம நான் வாயைத் திறக்க மாட்டேன். நாளைக்கு வாங்க" என்பார். ஊராருக்கு வரைபடம், உறவுக்கு வாய் என்று ஒரு பாகப்பிரிவினை எப்படியோ நடந்துபோயிருந்தது.

அக்காவுக்கு முழங்கால் போன வருடம் அது. படுக்கையறை மாடியில். பதினைந்து படி. ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பேரைச் சொல்வாள். இறங்கும்போது சாமியெல்லாம் தீர்ந்துபோய், உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து வருவாள். அத்தான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் இடதுபக்கம் திரும்பினால்கூட கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்புவாரோ என்று தோன்றும், அவ்வளவு ஒழுங்கு. அவர்தான் யோசனை சொன்னார். வீட்டுக்குப் பக்கவாட்டில் காலி இடம் இருக்கிறது. கீழேயே ஓர் அறை, கூடவே குளியலறை. அக்கா இனி ஒரு படிகூட ஏறவேண்டாம்.

"எதுக்கும் நான் ஒருநாள் உங்க ஆபீசுக்கு வந்து, வரிசையில நின்னு முறையா கேட்டுடறேன் மச்சான்" என்றார் அத்தான்.

"நீங்க எதுக்கு அத்தான் அங்க வரணும்? ஆபீசே இங்க வந்து உங்க வீட்டு நாற்காலியில உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கு" என்றார் ஆபீசர்.

சொன்னதோடு விடவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டுச் சுவர்வரை குதிகாலோடு பெருவிரலை ஒட்டி ஒட்டி நடந்தார். அக்கா நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க ஒருத்தர் இருந்தால் அவருக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

"பதினஞ்சடி. ரூம் ஒம்பதடி. மிச்சம் ஆறு. எல்லையிலேர்ந்து அஞ்சு விட்டா போதும். ஓரடி லாபம்க்கா!"

"கால்ல அளந்தது போதுமாடா? ஆபீஸ்ல மேப்பு இருக்கும்பியே?"

"அதையும் பாத்துட்டே சொல்றேன். உனக்குப் பாக்காம யாருக்குப் பாக்கப்போறேன்?"

வியாழக்கிழமை மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது. "பாத்தியாடா?"

வரைபட அலமாரி அவர் நாற்காலியிலிருந்து ஏழெட்டு எட்டுதான். ஆனால் அக்காவின் தெரு வரைபடம் இருந்தது மேல்தட்டில். அதற்கு ஏணி வேண்டும். ஏணிக்கு ஒரு கால் குட்டை. ஏறினால் தூசி. தூசி பட்டால் அவருக்குத் தொடர்ந்து பதினொரு தும்மல் வரும். எண்ணிப் பார்த்திருக்கிறார். ஆபீசர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பி அலமாரியைப் பார்த்தார்.

"பாத்துட்டேன்க்கா. சுத்தமா இருக்கு."

முதல் வாக்கியம் முழுப் பொய் இல்லை. பார்த்தார். அலமாரியைப் பார்த்தார்.

தரைத்தளத்தில் ஒரு சின்ன அறைக்குத் தகவல் கடிதமும் மனையின் ஸ்கெட்சும் கொடுத்தால் போதும் என்பது விதி. கடிதத்தை அவரே எழுதினார். ஸ்கெட்சை அவரே போட்டார். காம்பவுண்டுச் சுவர் இருந்த இடத்தில் அழகாக ஒரு கோடு இழுத்து, அதன்மேல் 'மனை எல்லை' என்று எழுதினார். அவர் கையெழுத்து எப்போதுமே நன்றாக இருக்கும்.

மூன்று மாதத்தில் அறை எழுந்தது. கட்டில், அலமாரி, பிடித்து எழ குளியலறையில் ஒரு கம்பி, பக்கத்து வீட்டைப் பார்த்தாற்போல ஒரு ஜன்னல். அந்த வீட்டில் இருந்தவள் ஒரு நர்ஸ். தினமும் காலையில் டியூட்டிக்குப் போகும் முன்பு வந்து அக்காவின் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பாள். "முட்டி மகாராணி எழுந்தாச்சா?" என்று வாசலிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். மகாராணி திட்டிக்கொண்டே காலை நீட்டுவாள். வந்தவர் போனவருக்கெல்லாம் அக்கா அறையைச் சுற்றிக் காட்டினாள். காட்டி முடித்ததும் ஒரே வாக்கியம்: "என் தம்பி மேப்பைப் பாத்துச் சொன்னப்புறம்தான் கல்லே வெச்சோம்."

அந்த வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் ஆபீசருக்கு உள்ளங்கால் கூசும். ஆனால் சிரித்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு கழிவுநீர்க் கால்வாயை அகலப்படுத்தும் வேலை வந்தது. அக்கா வீட்டுக்கும் நர்ஸ் வீட்டுக்கும் நடுவே போகும் கால்வாய்தான். கரையோரம் இருக்கும் வீடுகளின் பட்டியல் வேண்டும் என்று புதிதாக வந்திருந்த இன்ஜினியர் கேட்டாள். ஆபீசர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே தட்டச்சு செய்தார். கதவு எண் 19, 21, 23, 25. கீழே ஒரு சுருக்கொப்பம். 23 என்பது அக்கா வீடு என்று அவர் விரலுக்கும் தெரியவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. அத்தான் வாங்கிய நாளிலிருந்து அது அவருக்கு அக்கா வீடு. அதற்கு ஒரு எண் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பத்து நாள் கழித்து அந்த எண்ணின் கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. 'எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி விடப்படவில்லை. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் கட்டுமானம் அகற்றப்படும்.'

ஆபீசர் அலறியடித்துக்கொண்டு ஓடினார். அக்கா புது அறையில் கட்டிலின்மேல் உட்கார்ந்திருந்தாள். அத்தான் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், பழைய டிரிப் ஷீட் மாதிரி.

"எல்லாம் அவ வேலை" என்றாள் அக்கா, ஜன்னல் பக்கம் கையைக் காட்டி. "கொசு வருதுன்னு போன மாசம்தான் உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா. நேத்து அந்த இன்ஜினியர் பொண்ணு டேப்பைப் பிடிச்சிட்டு வந்தப்போ இவ வாசல்ல நின்னு சிரிச்சிச் சிரிச்சிப் பேசறா. என் காலைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு வாரிவிட்டுட்டாடா."

"அவசரப்படாதம்மா" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க. டேய், உன் ஆபீஸ்தானே? மனு குடுத்தது யாருன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். அறையைப் பற்றி மனுவே கிடையாது. இருந்தது ஒரு பட்டியல். அதன் அடியில் இருந்த கையொப்பம் அவருடையது. இவ்வளவும் தொண்டைவரை வந்தது. கூடவே, அப்படியானால் நீ மேப்பில் என்னத்தைப் பார்த்தாய் என்று அடுத்த கேள்வி வருமே என்ற நினைப்பும் வந்து அதை உள்ளே தள்ளிவிட்டது.

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுக்கா" என்றார்.

அவ்வளவுதான். அக்கா அத்தானைப் பார்த்தாள். பார்த்தீர்களா, சொன்னேனே என்ற பார்வை. அலுவலக ரகசியம் காப்பதாகச் சொல்லி ஆபீசர் ஒரு நல்ல மனுஷியின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டார். மறுநாள் காலை "முட்டி மகாராணி!" என்ற குரலுக்குக் கதவு திறக்கவில்லை.

மறுநாளே அவர் ஏணியில் ஏறினார். மேல்தட்டிலிருந்து வரைபடத்தை எடுத்துப் பிரித்தார். நான்காவது தும்மலுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே விஷயம் புரிந்துவிட்டது. எல்லைக்கல் காம்பவுண்டுச் சுவரில் இல்லை. சுவருக்கு மூன்றடி உள்ளே இருந்தது. முன்பு அந்த வீட்டை வைத்திருந்தவர் கால்வாய் இடத்தில் மூன்றடி தள்ளிச் சுவர் எழுப்பிக்கொண்டு, வீட்டை அத்தானுக்கு விற்றுவிட்டுப் போயிருக்கிறார். அக்காவின் அறைக்கும் எல்லைக்கும் நடுவே ஆறடி இல்லை, மூன்றடிதான். ஓரடி லாபம் என்று அவர் சொன்னது ஈரடி குறை.

"இதைத்தான் நானும் பாத்தேன் சார்." ஏணிக்குக் கீழே இன்ஜினியர் நின்றுகொண்டிருந்தாள். அவருடைய மகள் வயதிருக்கும். கையில் அக்கா வீட்டு ஃபைல். "ஸ்கெட்ச்ல காம்பவுண்டையே எல்லைன்னு போட்டிருக்கு. வீட்டுக்காரர் சொன்னதை வெச்சுப் போட்டீங்களா?"

ஆபீசர் ஏணியின் மூன்றாவது படியில் இருந்தார். ஒரு கால் குட்டையான அந்த ஏணி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"ம்" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டாள். "அப்ப கஷ்டம் சார். தெரியாம நடந்ததுன்னா, குறையற ரெண்டடிய மட்டும் எடுத்துச் சுவரை உள்ள தள்ளிக் கட்டச் சொல்லலாம். வீட்டுக்காரரே தப்பான தகவல் குடுத்தார்னா முழுசா இடிக்கச் சொல்லித்தான் எழுதணும். இந்தத் திங்க இல்ல, அடுத்த திங்கக்கிழமை ஃபைல் மேல போகுது."

மிச்சத் தும்மல்கள் அப்படியே நின்றுபோயின. இருபத்திரண்டு வருடமாக அரைப் பக்கத்துக்குக் குறையாமல் பதில் எழுதிவந்தவர், ஒரே எழுத்தில் அத்தானைப் பொய்யராக்கியிருந்தார். இடதுபக்கம் திரும்பக் கை காட்டும் அத்தானை.

பத்து நாள் அவர் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. ஜன்னலில் வேலை அதிகம் என்று போனில் சொன்னார். ஜன்னலுக்கு வந்தவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொன்னார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டபோது பல்வலி என்றார். அவள் கிராம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். பொய்க்குப் பிறந்த வலிக்கு உண்மையான கிராம்பைக் கடித்துக்கொண்டு கண்கலங்கி உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதற்கு மேல் முடியவில்லை. போனார்.

அக்கா அறையில்தான் இருந்தாள். கட்டிலிலிருந்து எழ முயன்றாள், முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளாகப் பயிற்சி இல்லை. கால் மரக்கட்டையாகிவிட்டிருந்தது. பயிற்சிக்குப் பயன்படும் ரப்பர் பட்டை கதவுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே காம்பவுண்டுச் சுவர்மேல் வெந்நீர்ப் பை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அது என்னக்கா அங்க?"

"தினம் காலையில கொண்டுவந்து வெச்சிட்டுப் போறா, வெந்நி ஊத்தி. நான் தொடறதில்ல. சாயந்திரம் வந்து ஆறின பையை எடுத்துட்டுப் போறா." அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பண்றதையும் பண்ணிட்டு என்ன பாசம்! ரூமை இடிக்கட்டும்டா. அதுகூடப் பரவாயில்ல. ஆனா அவ இப்படிப் பண்ணிட்டாளேன்னுதான்…"

ஆபீசர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அக்கா, நான் மேப்பைப் பாக்கல."

"எந்த மேப்பை?"

"உன் மேப்பை. ஏணி ஏறணும், தும்மல் வரும்னு விட்டுட்டேன். பாத்துட்டேன்னு பொய் சொன்னேன். மனுவும் யாரும் குடுக்கல. கால்வாய்க்கு எடுத்த லிஸ்ட்ல உன் வீடு இருந்துச்சு. அந்த லிஸ்ட் நான் அடிச்சது. நம்பரைப் பாத்து உன் வீடுன்னுகூடத் தெரியல எனக்கு." மூச்சு வாங்கியது. கடைசித் துண்டுதான் பெரிய துண்டு. அத்தான் கதவருகே வந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்துச் சொன்னார். "இன்ஜினியர் கேட்டப்ப, எல்லையத் தப்பாப் போட்டது நீங்க சொல்லித்தான்ங்கற மாதிரி 'ம்'னுட்டேன் அத்தான்."

அத்தான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய பஸ்ஸுன்னாலும் பின்னால எடுக்கறப்போ டிரைவர் திரும்பிப் பாக்க மாட்டான் மச்சான். கண்டக்டர் குரல்தான் கண்ணு. நீ ரைட், ரைட்டுன்னே. நான் எடுத்தேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். வழி கேட்டவனுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார்.

அக்கா ரூமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பன்னெண்டு நாள்டா" என்றாள். "பன்னெண்டு நாள் அவ வெந்நிய ஆறவிட்டேனே. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? எழுந்திரு. கையைக் குடு."

"எங்கக்கா?"

"எங்கேயா? பக்கத்து வீட்டுக்கு. நீயும் வா. அப்படியே முன்னாடி நட. ஆபீசர்ல!"

இருபதடி தூரத்துக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒருபக்கம் கைத்தடி, மறுபக்கம் தம்பி. ஒவ்வொரு எட்டுக்கும் அக்காவின் நகம் அவர் புஜத்தில் இறங்கியது. வலியாலா கோபத்தாலா என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை.

நர்ஸ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். வாயில் இருந்த கிளிப்பை எடுக்காமலே கேட்டாள். முடிந்ததும் கிளிப்பை எடுத்தாள்.

"அந்தச் சுவரைத் தள்ளிக் கட்டினது எனக்குத் தெரியும்" என்றாள்.

ஆபீசர் நிமிர்ந்தார்.

"நான் இந்தத் தெருவுக்கு வந்த வருஷம்தான் கட்டினாங்க. என் கண்ணு முன்னாடி. கல்லு உள்ள இருக்குது. இப்பவும் அந்தச் செடிக்கு அடியில தோண்டுனா தெரியும். நீங்க ரூமுக்குக் குழி தோண்டினப்போ சொல்லலாம்னு சுவர்வரைக்கும் வந்தேன். மகாராணி அங்க நின்னு மேஸ்திரிகிட்ட, 'என் தம்பி மேப்பைப் பாத்துட்டான், கவலைப்படாம தோண்டு'ன்னு சொல்லிட்டிருந்தாங்க. சரி, ஆபீசருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு திரும்பிட்டேன்."

அதுவரை ஆபீசர் தான் செய்தது ஒரு சோம்பேறித்தனம், ஒரு பொய், ஒரு 'ம்' என்று கணக்கு வைத்திருந்தார். தன் பெயரே ஒரு சுவராக நின்று, விஷயம் தெரிந்த ஒரே ஆளையும் வாயடைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. உட்கார இடம் தேடினார். துணிக்கூடைதான் இருந்தது.

"ஈரத்துணி தம்பி, அதுமேல உக்காராதீங்க" என்றாள் நர்ஸ். பிறகு அக்காவைப் பார்த்தாள். "காலை இப்படியா விறைக்க விடுவீங்க? என்மேல கோவம்னா முட்டி என்ன பண்ணுச்சு? உள்ள வாங்க, படுங்க."

அக்கா வாயைத் திறந்தாள். மன்னிப்பு மாதிரி ஏதோ வந்தது. நர்ஸ் காலை மடக்கியதும் அது "அடிப்பாவி!" என்று முடிந்தது.

திங்கட்கிழமை காலை, ஃபைல் மேலே போகும் முன்பு, ஆபீசர் ஒரு கடிதம் எழுதி இன்ஜினியர் மேஜையில் வைத்தார். ஐந்து வரி. ஸ்கெட்ச் என்னுடையது. வரைபடத்தைப் பார்க்காமல் போட்டது. வீட்டு உரிமையாளர் எல்லை பற்றி எதுவும் சொல்லவில்லை. முறையாக வந்து கேட்கிறேன் என்றவரைத் தடுத்தது நான். உரிமையாளர் எனக்கு அத்தான்.

அவள் இரண்டு முறை படித்தாள். "இது உங்களுக்கு நல்லதில்ல சார், தெரியும்ல?"

"தெரியும் மேடம். இந்தத் தடவை பாத்துட்டுத்தான் சொல்றேன்."

இரண்டடியை எடுத்தால் போதும் என்று உத்தரவு வந்தது. காம்பவுண்டுச் சுவரும் கல்லுக்கு உள்ளே வந்தது. ஆபீசரின் இடமும் சுருங்கியது. கண்டனக் கடிதம் ஒன்று, மூன்றாவது ஜன்னலிலிருந்து இடமாற்றம். எங்கே என்றால் வரைபட அறைக்கு. ஏணி இனி அவர் பொறுப்பு. முதல் வேலையாக அதன் குட்டைக் காலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை ஆணியடித்து வைத்தார். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அவர் ஏறி இறங்குவதைப் பார்த்து, பழைய ஜன்னல்காரர்கள் கொள்ளைக்காரர் வந்துவிட்டார் என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு கைக்குட்டைக்குள்ளேயே நின்றது.

சுவர் இடித்த அன்று அவர் விடுப்பு போட்டுவிட்டு அக்கா வீட்டில் நின்றார். செங்கல்லை எடுத்து அடுக்கிக் கொடுத்தார். அத்தான் வெளியே நின்று மேஸ்திரிக்கு "வா, வா… நிறுத்து" என்று கை காட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்தது அத்தான். ஆபீசர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

புதுச் சுவர் எழுந்ததும் அறை உள்ளே ஆறேகால் அடி அகலம். கட்டில் மூன்றரை அடி. அலமாரி கூடத்துக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி போடலாம். ஆனால் உட்காருகிறவரின் இரண்டு முழங்காலும் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் இடிக்கும்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீசர் வருகிறார். அந்த நாற்காலியில்தான் உட்காருகிறார். கட்டிலில் அக்கா, அவள் காலடியில் நர்ஸ். ரப்பர் பட்டை இழுபடுகிறது, திட்டு பறக்கிறது. பட்டையை இழுக்க நர்ஸ் பின்னால் நகரும்போதெல்லாம் கட்டில் ஓர் அங்குலம் அசைந்து, சட்டம் அவர் முட்டியில் டங்கென்று மோதும்.

"கொஞ்சம் தள்ளி உக்காரேன்டா" என்பாள் அக்கா.

"எங்கக்கா தள்ளறது?" என்பார் அவர்.

சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொள்வார். கூடத்தில் இடம் இருக்கிறது, அங்கே நல்ல நாற்காலியும் இருக்கிறது என்று அத்தான் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். அவர் எழுந்து போகமாட்டார்.